நெசவு, பெண், ஒன்று

1

எனக்குக் கதை எழுதிப் பழக்கமில்லை. கூட்டல் போட்டுத்தான் பழக்கம். கல்வி இலாகாவின் அலுவலகம் ஒன்றில், புள்ளிவிவரப் பிரிவில், பதினேழு வருஷம் உட்கார்ந்திருந்தேன். உயர்நிலைப் பள்ளிகள் வருஷா வருஷம் அனுப்புகிற ஏழாம் எண் படிவங்களைச் சரிபார்த்து, ஒன்றாகச் சேர்த்து மேலே அனுப்புவது என் வேலை. பதினோராம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள், எத்தனை பேர் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை எழுதினார்கள், எத்தனை பேர் தேறினார்கள், நூற்றுக்கு எத்தனை. ஆண் தனி, பெண் தனி. அப்பன் செய்யும் தொழில்வாரியாக வரிசை: விவசாயம், நெசவு, வியாபாரம், உத்தியோகம், கூலி, பிற.

இந்தக் கதை அப்படி ஒரு படிவத்திலிருந்துதான் கிளம்பியது. வருஷம் 1971. காஞ்சிபுரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். (பெயர் கேட்காதீர்கள். சொன்னால் யாராவது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சண்டைக்கு வருவார்கள்.) அதில் நெசவு என்ற வரிசையில், பெண் என்ற கட்டத்தில், எழுதியவர் 1, தேறியவர் 0, விழுக்காடு 0 என்று இருந்தது. அதற்கு நேரே குறிப்புக் கட்டத்தில் பென்சிலால் இரண்டு சொல். அது என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன். உங்களைக் காக்கவைக்கும் ஆசை எனக்கில்லை, சொல்ல வெட்கமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

படிவத்தின் கீழே, தலைமையாசிரியர் கையெழுத்துக்குப் பக்கத்தில், "எழுத்தர்: ச. ஏலவார்குழலி" என்று இருந்தது. அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அந்தப் பெயரும் அந்தக் கையெழுத்தும்தான். மற்றதெல்லாம் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நானாகக் கட்டியது. இன்றைக்கு 1979. இனிமேல் என்னை யார் கேட்கப்போகிறார்கள்?

2

முதல் வாக்கியத்துக்கு மூன்று நாள் ஆயிற்று.

"காஞ்சி மாநகரின் கோபுரங்கள் காலை வெயிலில்..." வேண்டாம். இது காலண்டரில் போடவேண்டியது.

"ஏலவார்குழலி அழகி அல்ல, ஆனால்..." ஆனால் என்ன? அவள் அழகைப் பற்றிச் சொல்ல நான் யார்? அடித்துவிட்டேன்.

மூன்றாவது இது: பகல் ஒரு மணிக்கு மணி அடித்ததும் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்பது ஏலவார்குழலிக்குப் பன்னிரண்டு வருஷமாகத் தீராத சிக்கல்.

சரி, இதை வைத்துக்கொள்கிறேன். ஆசிரியர் அறையில் எட்டு ஆண்கள். அவள் உள்ளே வந்தால் பேச்சு நின்றுவிடும். எல்லோரும் சாதத்தைக் கவனமாகப் பிசைய ஆரம்பித்துவிடுவார்கள். பியூன் கண்ணாயிரம் சாப்பிடுவது கிணற்றடியில், பீடிப் புகைக்கு நடுவில். அங்கே ஒரு பெண் போய் உட்கார முடியாது. பள்ளியில் இருந்த பதினான்கு பெண் பிள்ளைகள் கடைசி வகுப்பறையில் வட்டமாக உட்கார்ந்து ஊறுகாய் மாற்றிக்கொள்வார்கள். அவள் போய் நின்றால் இன்ஸ்பெக்டர் வந்துவிட்ட மாதிரி எழுந்து நிற்பார்கள். ஆகவே அவள் தன் அறையிலேயே, கதவைப் பாதி சாத்திக்கொண்டு, ரெக்கார்டு அலமாரியைப் பார்த்தபடி சாப்பிடுவாள். ஐந்தே நிமிஷத்தில் முடிந்துவிடும். தனியாகச் சாப்பிடுகிறவர்கள் வேகமாகச் சாப்பிடுவார்கள். (உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.)

3

அவள் நெசவுக்காரர் வீட்டுப் பெண். அதே பள்ளியில் படித்து 1958இல் எஸ்.எஸ்.எல்.சி. தேறினாள். மறு வருஷமே அங்கேயே எழுத்தர் வேலை கிடைத்தது. காலை ஒன்பது மணிக்குக் குடையைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தால், தறிகளுக்குப் பின்னாலிருந்து, "ஆபீசரம்மா போறாங்கடி" என்று ஒரு குரல் வரும். கேலிதான், பகையில்லை. ஆனால் அந்தப் பெண்கள் நாள் முழுக்க ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டே நெய்வார்கள், அந்தப் பேச்சில் இவளுக்கு இடமில்லை. கலியாணத்துக்குப் பார்க்க வந்த நெசவுக் குடும்பங்கள், படித்த பெண் தறியில் உட்காராது என்றன. படித்த மாப்பிள்ளை வீடுகள் தறி வீட்டுப் பெண் வேண்டாம் என்றன. இரண்டு பக்கமும் மாறிமாறி வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்ததில் முப்பது வயது முடிந்துவிட்டது.

அவளுக்குத் தனிமையாக இருந்தது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒண்டியாகக் கிடந்து அலுத்துப்போயிருந்தாள்.

ஒவ்வொரு ஜூன் மாதமும் ஏழாம் எண் படிவத்தை நிரப்புவது அவள்தான். அதற்காக அலமாரியிலிருந்து பழைய நகல்களை எடுப்பாள். 1958ஆம் வருஷத்துத் தாளில், நெசவு, பெண் என்ற கட்டத்தில், எழுதியவர் 1, தேறியவர் 1, விழுக்காடு 100 என்று இருக்கும். அந்த ஒன்று அவள். அதற்குப் பிறகு பன்னிரண்டு தாள்களிலும் அந்தக் கட்டத்தில் சைபர். நெசவுக்காரர் பிள்ளைகளில் பையன்கள் வந்தார்கள், தேறினார்கள், தவறினார்கள். பெண்கள் எட்டாவதோடு, மிஞ்சிப்போனால் ஒன்பதாவதோடு நின்றார்கள். அவளே அந்தச் சைபர்களைப் போட்டாள். அந்தக் கட்டத்தில் இன்னொருத்தி வரவேண்டும் என்பதைத் தவிர அவள் வேறு எதையும் பெரிதாக வேண்டிக்கொண்டதில்லை.

பன்னிரண்டு வருஷம் கழித்து ஒருத்தி வந்தாள். அடுத்த தெரு மாணிக்கவாசகத்தின் மகள் கிருஷ்ணம்மாள், பதினோராம் வகுப்பு.

4

இங்கே வில்லன் ஒருவர் தேவைப்பட்டார். தலைமையாசிரியர் பரசுராமனைப் போட்டேன். இரண்டு பக்கம் எழுதியதும் அவர் நல்ல மனிதராக ஆகித் தொலைத்துவிட்டார்.

தாமல் பக்கத்து விவசாயக் குடும்பம். ஏரித் தண்ணீர் வந்தால் நெல், இல்லாவிட்டால் கடன் என்ற வீட்டிலிருந்து படித்து மேலே வந்தவர். மூன்று வருஷமாக அவர் பள்ளி நூற்றுக்கு நூறு. அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். (அந்தக் காலத்தில் பல பள்ளிகளில் இது உண்டு. வெளியே யாரும் சொல்லமாட்டார்கள்.) அரையாண்டுத் தேர்வில் தேறாதவர்களின் அப்பாவைக் கூப்பிட்டு, இதமாகப் பேசி, டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவார். பெற்றோர் விருப்பப்படி விலகல் என்று எழுதிவிட்டால் அந்தப் பிள்ளை கணக்கிலேயே வராது. பரீட்சை எழுதாதவன் தோற்க முடியாதல்லவா?

ஜனவரிக் கடைசியில் மூன்று பேர்களைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு குழலியின் மேஜைக்கு வந்தார்.

"ஏம்மா குழலி, இந்த மூணு பேருக்கும் டி.சி. ரெடி பண்ணிடு. போர்டுக்கும் ஒரு லெட்டர் போடு, பேரை நீக்கச் சொல்லி."

ஐயம்பேட்டை முனிசாமி. தாமலிலிருந்து சைக்கிளில் வரும் ஒரு பையன். மூன்றாவது கிருஷ்ணம்மாள்.

"சார், கிருஷ்ணம்மா கணக்குல மட்டும்தான் சார். முப்பத்தொண்ணு. இன்னும் நாலு மார்க்கு."

"கிளாஸ்ல இருபத்தஞ்சு பேரும்மா. ஒருத்தர் போனா நாலு பர்சன்ட் போச்சு. பெரிய ஸ்கூலுன்னா பத்துப் பேரு போனாக்கூட வெளியத் தெரியாது. நம்பள அதோட சேர்த்து மூடிடலாம்னு பேச்சு நடந்துக்கினு இருக்குது, தெரியும் இல்ல?"

"தெரியும் சார்."

"எங்க ஊர்ப் பையனையே நிறுத்தறேன். அவங்கப்பன் மூஞ்சில எப்படி முழிக்கறதுன்னு தெரியல."

அவர் சொன்னது பொய்யில்லை. இப்படி ஒருவரை வைத்துக்கொண்டு நான் எங்கே போய் வில்லன் தேடுவது?

5

டி.சி.யில் கையெழுத்துப் போட மாணிக்கவாசகம் வந்தார். தோளில் துண்டு, விரல்களில் சாயத்தின் சிவப்பு. அவருக்கு இதில் வருத்தம் ஒன்றுமில்லை. உடலையும் கரையையும் தனித்தனி நூலில் கோத்து நெய்கிற கோர்வைச் சேலைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நெய்ய, இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கான நூல் சுற்றிய நாடாவைத் தள்ள. பெண் பள்ளிக்குப் போவதால் பன்னிரண்டு வயது மகன் அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தான்.

"குடுத்துடும்மா. அவ வந்து குந்தினா எனுக்கும் ஒத்தாச."

குழலி டி.சி. புத்தகத்தைத் திறந்தாள். பேனாவை மசியில் தோய்த்தாள். பிறகு கேட்டாள்.

"இப்ப எந்தப் பாவு ஓடுது மாமா?"

"பொங்கல் கழிச்சு ஏத்தினது. மூணு சேலப் பாவு."

"ஒண்ணாவது அறுத்தாச்சா?"

"எங்க? இப்பத்தான் பாதி ஓடிக்கீது."

"அப்ப நடுவுல கை மாத்தப் போறீங்களா?"

மாணிக்கவாசகம் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். ஒரு பாவை, அதாவது தறியில் ஏற்றிய நீளவாட்டு நூலை, எந்த இரண்டு கைகள் ஆரம்பித்தனவோ அதே இரண்டு கைகள்தான் முடிக்கவேண்டும் என்பது அவர் தெருவில் எல்லோரும் கடைப்பிடிக்கிற வழக்கம். கைக்குக் கை இழுப்பு வேறு. நடுவில் ஆள் மாறினால் கரை ஓரிடத்தில் சுருங்கும், ஓரிடத்தில் தொய்யும். பார்க்கத் தெரிந்தவன் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவான்.

"மாத்தினா சேலய என் மூஞ்சிலயே வீசுவாரு மொதலாளி" என்றார்.

"மூணு சேல முடிய எப்பிடியும் பங்குனி ஆவும். அமாவாசைக்கு நெய்யமாட்டீங்க. நல்லது கெட்டதுன்னு நாலு நாளு போவும். அதுவரைக்கும் அவ வூட்ல சும்மா குந்திகினு இருக்கணும். அதுக்கு இங்க வந்து குந்தட்டுமே."

"பங்குனிலதான பரீட்ச வருது?"

"ஆமா மாமா."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "நெசவுக்காரன் வூட்டுப் பொண்ணுன்னு காட்டிட்டயே" என்று சொல்லித் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கையெழுத்துப் போடாமலே கிளம்பிவிட்டார்.

6

போர்டுக்கான கடிதத்தில் குழலி இரண்டு பேர்களை மட்டும் எழுதினாள். பரசுராமன் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். பன்னிரண்டு வருஷத்தில் அவள் ஒரு கால்புள்ளிகூடத் தவறவிட்டதில்லை, அப்புறம் எதற்குப் படிக்கவேண்டும்?

இந்த இடத்தில் எனக்கும் அவளுக்கும் சண்டை. அப்படியானால் மற்ற இரண்டு பேர்? முனிசாமி டி.சி. வாங்க வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "நானும் எழுதறேன்னு சார்கிட்ட ஒருவாட்டி சொல்லுக்கா. இங்கிலீஷு ராவும் பகலுமா படிக்கறேங்கா" என்றான். மூன்று பேர்களையும் அவள் காப்பாற்றுவதாக மூன்று முறை எழுதிப் பார்த்தேன். "குழலி அந்தக் கடிதத்தையே கிழித்து..." இல்லை. "அவள் தலைமையாசிரியர் முன்னால் போய் நின்று, இது அநியாயம் சார், என்று..." இல்லை, இல்லை. இவ்வளவு தைரியம் அவளுக்கு இருந்திருந்தால் இந்தக் கதைக்கே அவசியம் இருந்திருக்காது.

முனிசாமிக்கு அவள் டி.சி.யை முத்து முத்தான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தாள். அவளுக்கு அப்போது நியாயம் வேண்டியிருக்கவில்லை, கூட ஓர் ஆள் வேண்டியிருந்தது. இதைச் சொல்வதால் உங்களுக்கு அவளைப் பிடிக்காமல் போகலாம். எனக்கும் ஒரு வாரம் பிடிக்காமல்தான் இருந்தது.

7

மார்ச்சில் ஹால் டிக்கெட்டுகள் வந்தன. இருபத்திரண்டு இருக்கவேண்டிய இடத்தில் இருபத்து மூன்று. பரசுராமன் உபரியாக வந்ததை எடுத்துக்கொண்டு அவள் அறைக்கு வந்தார்.

"இது எப்பிடிம்மா?"

"விட்டுப்போச்சு சார்."

"உனக்கா?"

அவள் தலைகுனிந்து நின்றாள். அவர் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இனிமே நிறுத்தினா ஆப்சென்ட்டுன்னு வரும். அதுவும் நம்ப கணக்குலதான் விழும்" என்றார். தாளை மேஜைமேல் வைத்தார். வாசல்வரை போய்த் திரும்பினார். "எங்க ஊர்ப் பையன நான் நிறுத்தினேம்மா" என்றார்.

அன்றைக்குப் பகல் மணி அடித்ததும் அவள் கிருஷ்ணம்மாளைக் கூப்பிட்டனுப்பினாள். இந்தக் காட்சியை முதலில் நான் எழுதியது இப்படி: "இருவரும் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். குழலி தன் டப்பாவிலிருந்து ஒரு பிடி..." அரைப் பக்கம் போயிற்று. எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. மறுநாள் படித்தபோது எல்லாம் என் ஆசை என்று தெரிந்தது. அடித்துவிட்டேன். நடந்திருக்கக்கூடியது இது:

குழலி இரவல் வாங்கிய இன்னொரு முக்காலியை மேஜைக்கு எதிரே போட்டிருந்தாள். பெண் உள்ளே வந்து நின்றாள். தூக்குப்போசியை இடுப்பில் இடுக்கியிருந்தாள்.

"குந்துடி. இங்கயே சாப்புடு."

"இல்லக்கா. காந்தா அங்க வெயிட் பண்ணிக்கினு இருக்குது."

"ஹால் டிக்கெட் வந்துடுச்சு." நீட்டினாள். "உன் பேர நான்தான் விட்டு வெச்சேன்."

"தெரியும்க்கா. அப்பா சொன்னாரு." வாங்கி, பெயரைப் படித்துப் பார்த்து, ஜாக்கிரதையாக மடித்தாள். முகத்தில் சந்தோஷம் தெரிந்தது.

"பாஸ் பண்ணிட்டு இன்னா பண்ணப்போற?"

"தெரியலக்கா." பெண் கால் மாற்றி நின்றாள். "கோச்சிக்காதீங்க. உங்கள மாதிரி மட்டும் ஆவக்கூடாதுக்கா."

"என்ன மாதிரின்னா?"

"நம்ப தெருவுல எல்லா வூட்லயும் அதான் சொல்லுவாங்க. ரொம்பப் படிச்சா குழலியக்கா மாதிரி ஒண்டியா குந்திகினு கெடக்கணும்னு. எங்கக்காவ ஒம்பதாவதுல நிறுத்தினப்பகூட எங்கம்மா அதான் சொல்லுச்சு. எனுக்கும் தெனம் சொல்லுது."

"அப்பறம் எதுக்குடி நீ வர?"

"பரீட்ச எழுதிப் பாக்கணும்னு ஆசயா இருக்குதுக்கா" என்று சொல்லிப் பெண் சிரித்தாள். அப்புறம் காந்தாவிடம் ஓடிவிட்டாள்.

குழலி பழைய படிவங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். 1958இல் ஒன்று. அதற்குக் கீழே பன்னிரண்டு சைபர். அத்தனை வருஷமும் அந்தச் சைபர்களுக்குத் தறியைக் குறை சொன்னாள், வறுமையைக் குறை சொன்னாள், அப்பன்மார்களைத் திட்டித் தீர்த்தாள். குடையைப் பிடித்துக்கொண்டு தினமும் அந்தத் தெருவழியே தான் நடந்துபோனதைப் பார்த்துத்தான் ஒவ்வொரு வீடும் பயந்ததா? அன்றைக்கு டப்பாவைத் திறக்கவே இல்லை.

8

கிருஷ்ணம்மாள் பரீட்சை எழுதினாள். காலையில் தெரு நீளத்துக்குப் பாவு இழுத்துக் கட்டியிருந்தார்கள். அதில் உரசாமல் ஓரமாக ஒதுங்கி ஒதுங்கிப் போனாள். கணக்கில் தவறினாள். எத்தனை மார்க் என்று படிவத்தில் இருக்காது. முதலில் 34 என்று எழுதினேன். சினிமா மாதிரி இருந்தது. 29 என்று மாற்றினேன்.

இருபத்து மூன்று பேரில் இருபத்திரண்டு பேர் தேர்ச்சி. விழுக்காடு 95.65. பரசுராமனின் நூறு போயிற்று. ஜூனில் குழலி ஏழாம் எண் படிவத்தை நிரப்பினாள். எழுதியவர் 1. தேறியவர் 0. அது 1958ஆம் வருஷத்து ஒன்றுக்குத் துணையாகுமா என்று யோசித்தாள். பிறகு பென்சிலை எடுத்து, குறிப்புக் கட்டத்தில் "தனியாகக் காட்டவும்" என்று எழுதினாள்.

இதுதான் அந்த இரண்டு சொல்.

9

இனி வருவது கற்பனை அல்ல.

எங்கள் அலுவலகத்தில் ஒரு விதி. படிவத்தின் ஒரு கட்டத்தில் ஒரே ஒருவர் இருந்தால் அதற்குத் தனி விழுக்காடு போடக்கூடாது. ஒருவரை வைத்து நூறு என்பதும் சைபர் என்பதும் பொய்க்கணக்கு. ஆகவே அந்த ஒருவரை "பிற" என்ற வரிசையில் சேர்த்துவிடவேண்டும். விதி சரிதான், இன்றைக்கும் அதில் தப்புச் சொல்லமாட்டேன். அந்தப் பென்சில் எழுத்தைப் படித்தேன். ரப்பரால் அழித்தேன். நெசவு வரிசையில் பெண் கட்டத்தில் கோடு போட்டு, அந்த ஒன்றைக் கொண்டுபோய்ப் பிறவில் போட்டேன். அரை நிமிஷ வேலை. 1958ஆம் வருஷத்துத் தாளை நான் பார்த்ததில்லை. எனக்கு முன்னால் இருந்தவரும் அதைத்தான் செய்திருப்பார்.

அதோடு நிற்கவில்லை. விழுக்காடு குறைந்ததற்கு விளக்கம் கேட்டு அந்தப் பள்ளிக்கு ஒரு குறிப்பாணையும் அனுப்பினேன். பத்து நாளில் பதில் வந்தது. கையெழுத்து தலைமையாசிரியருடையது, எழுத்து அவளுடையது. ஒரே வரி: "இவ்வாண்டு ஒரு மாணவி கூடுதலாகத் தேர்வு எழுதினார்." படித்துவிட்டுக் கோப்பில் வைத்துக் கட்டினேன்.

தவறியவர்கள் செப்டம்பரில் மறுபடி எழுதலாம். அப்போது அவர்கள் தனித்தேர்வர்கள், எந்தப் பள்ளியின் படிவத்திலும் வரமாட்டார்கள். ஆகவே கிருஷ்ணம்மாள் மறுபடி எழுதினாளா, தேறினாளா, பாவு முடிந்ததும் தம்பி இடத்தில் போய் உட்கார்ந்தாளா என்பது எனக்குத் தெரியாது. எழுதித் தேறி, அந்த அறைக்கே வந்து, அந்த முக்காலியில் உட்கார்ந்து, "இந்தாங்கக்கா, ஊறுகா" என்று சொன்னதாக ஒரு முடிவு வைத்திருக்கிறேன். வராமலே போனதாக இன்னொன்றும் இருக்கிறது. இரண்டும் இந்த மேஜையில்தான் கிடக்கின்றன.

1974இல் என் அக்கா மகள் கலியாணத்துக்குச் சேலை எடுக்கக் காஞ்சிபுரம் போனோம். பெண்கள் கடையில் உட்கார்ந்ததும் நான் நழுவி, விசாரித்துக்கொண்டு அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பகல் மணி அப்போதுதான் அடித்திருந்தது. வாசலில் பியூன் நின்றான். (அவன் பெயர் கண்ணாயிரம்தானா என்று நான் கேட்கவில்லை.)

"யாருபா வோணும்?"

"கிளார்க்கம்மா... ஏலவார்குழலின்னு..."

"உள்ளதான் சாப்பிட்டுகினு இருக்கறாங்க. கூப்புடட்டா?"

தனியாகவா என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. வராந்தாவின் கடைசியில் ஓர் அறையின் கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே பேச்சுச் சத்தம் இருந்ததா? இன்னும் நாலு அடி எடுத்து வைத்திருந்தால் தெரிந்திருக்கும். பிள்ளைகள் மைதானத்தில் கூச்சல் போட்டார்கள். நான்தானே அழித்தேன், அந்த அம்மாள் முன்னால் போய் என்ன சொல்வது? "பள்ளிக்கூடம் மாறி வந்துட்டேன்பா" என்று பியூனிடம் சொல்லிவிட்டுத் திரும்பி வேகமாக நடந்தேன்.

நான் போகாத அந்த நாலு அடியை நீங்கள் போய்ப் பாருங்கள். உள்ளே எத்தனை பேர் என்று நீங்களே எண்ணி, அந்தக் கட்டத்தில் எழுதுங்கள். இரண்டு என்றால் எனக்கு ரொம்ப சந்தோஷம். ஒன்று என்றாலும் ஒன்று என்றே எழுதுங்கள். தயவுசெய்து பிறவில் மட்டும் சேர்த்துவிடாதீர்கள்.